உமிக்கரி தேய்த்த பற்கள்

குற்றாலத்துச் சாரல் வகுப்பறைச் சன்னல் வரை வந்து நிற்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் பல் டாக்டர், ஐந்தாம் வகுப்புப் பேச்சித்தாயின் மோவாயைப் பிடித்து, மங்கிய வெளிச்சத்தின் பக்கம் திருப்புகிறார். முன்பற்களில் பழுப்புத் திட்டுகள். சிறு வட்டக் கண்ணாடி பல்லில் படும்போதெல்லாம் சிறுமியின் தோள் குறுகுகிறது. ஞானசெல்வம் டீச்சர் முந்திக்கொள்கிறார். "போன வருசந்தான் வெளியூர்லருந்து வந்து சேந்தா. ஒழுங்கா வெளக்க மாட்டா சார். ஒரு வருசமா உமிக்கரியக் குடுத்து, நாந்தான் தெனமும் கெணத்தடியில நிறுத்தித் தேய்க்க வைக்கேன்." டாக்டர் நிமிரவில்லை. "இது அழுக்கில்ல டீச்சர். பொறந்த ஊர்க் கெணத்துத் தண்ணியில உள்ள ஃபுளோரைடு உப்பால, பல்லு மொளைக்கதுக்கு முந்தியே விழுந்த கறை. தேய்ச்சாப் போகாது. தேய்ச்சுத் தேய்ச்சு எனாமல்தான் போயிருக்கு. அதான் இப்படிக் கூசுது." டீச்சரின் விரல்கள் சேலைத் தலைப்பைத் திருகுகின்றன. காலைதோறும் இவளை வரிசைக்கு முன்னால் நிறுத்தி, "பல்ல இளி" என்று சொல்லி, வகுப்பையே சிரிக்க வைத்தவர் அவர். குனிந்து, சிறுமியின் முகத்துக்கு நேராகக் கேட்கிறார்: "ஏட்டி, வலிக்குன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்லா?" பேச்சித்தாய் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். விரலிடுக்கு வழியே சன்னமாக வருகிறது பதில்: "கறை போகலலா டீச்சர். நாந்தான் சரியாத் தேய்க்கலன்னு நெனச்சேன்."