நறுக்காத கத்தி

“இந்தக் கத்தியும் நறுக்கலை. மாத்திக் குடுங்கோ.”

ருக்மிணி மாமி கத்தியை மேஜைமேல் வைத்தாள். பாத்திரக் கடை நல்லசிவத்தின் முகம் சுருங்கியது. போன மாதமும் இதே புகார். அப்போதே ஒன்று மாற்றித் தந்திருந்தார்.

எழுபதுகளின் டெல்லி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அன்று கேரண்டிக்கு அச்சடித்த அட்டை கிடையாது. “நறுக்கலைன்னா கொண்டாங்க” என்று நல்லசிவம் சொன்னால், கரோல் பாக்கிலிருந்துகூடப் பஸ் ஏறி வந்து வாங்குவார்கள். அவரும் தம் சரக்கை மட்டம் என்று எவர் சொன்னாலும் பொறுக்கமாட்டார்.

“நியாயமாச் சோதிச்சுப் பார்த்துருவோம் மாமி.”

பக்கத்துக் கடையிலிருந்து தக்காளி வந்தது. மெல்லிய வில்லைகளாகச் சரிந்து விழுந்தது. அடுத்து சேனைக்கிழங்கு. அதுவும் ஒரே அழுத்தில் இரண்டாயிற்று.

“பில்குல் டீக் ஹை, பஹன்ஜி!” என்று கத்திக்கு நற்சான்று தந்தார் சல்லடை வாங்க வந்திருந்த சர்தார்ஜி.

“உங்க கையிலே நறுக்கறது. எங்காத்திலே நறுக்கலையே!”

“கேரண்டி கத்திக்குத்தான் மாமி. பிடிக்கிற கைக்கும் சேர்த்தா கொடுத்தேன்?”

கடையே சிரித்தது. மாமி சிரிக்கவில்லை, குரலைத் தாழ்த்தினாள்.

“கைதான் கோளாறு, நல்லசிவம். என் கை இல்லை, அவர் கை. பக்கவாதம் வந்து எழுந்ததுலேர்ந்து விரல் சொன்னபடி கேக்கலை. வேலை குடுத்துண்டே இருந்தா திரும்பிடும்னு டாக்டர் சொல்றார். தக்காளி நசுங்கினா, கத்தி மட்டம்னு திட்டிண்டே அடுத்ததை எடுக்கறார். கத்தியிலே குத்தமில்லைன்னு தெரிஞ்சா அன்னிக்கே விட்டுடுவார். வாசல்லே ஆட்டோவிலேதான் இருக்கார்.”

நல்லசிவம் புதுக் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆட்டோவில் மாமியின் கணவர் வெங்கடராமன், வலது கையை இடது கையால் தாங்கியபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“என்னய்யா, உன் கத்தியோட லட்சணம் தெரிஞ்சுதா?”

கடைத்தெருவுக்கே கேட்கும்படி நல்லசிவம் சொன்னார்:

“மன்னிக்கணும் ஸார், எங்க சரக்குதான் மட்டம். நல்ல எஃகு வர நாளாகும். அதுவரைக்கும் ஒவ்வொண்ணா மாத்தித் தாரேன். தினம் நறுக்கிப் பார்த்து, எது தேறும்னு நீங்கதான் சொல்லணும்.”