எளியவன் என்றொரு கணக்கு

அந்த ஸ்கிரீன்ஷாட்டை அவள் பெரிதாக்கிப் பார்த்தாள்.

படத்தில் பேட்டரி சிவப்பில் இருந்தது. எழுத்துகள் பஸ் போர்டு அளவுக்கு.

மறுபடி சிறிதாக்கினாள். சாப்பாட்டு டப்பாவை மூடினாள். அலுவலகத்தில் இன்னும் யாரும் இருக்கைக்குத் திரும்பவில்லை.

எங்கள் குழுவில் இப்படி ஒரு போனை வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான்.

அவரை மழைக்காலத்துக்கு முன்பு வெளியேற்றியது அவள்.

குழு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. போனில் தமிழ் தட்டுவதற்கு ஓர் இலவசச் செயலி. அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். திருத்துகிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்க்க என்னைப் போல நிறையப் பேர்.

அவள் அங்கே மட்டுறுத்துநர். மரியாதையாகப் பேசுங்கள் என்று மரியாதையாகச் சொல்வது வேலை. சம்பளம் கிடையாது. எங்கள் எல்லாருக்கும் அக்கா.

அவள் வெளியேற்றிய குருநாதன் கெட்டிக்காரர். அதை அவரே அடிக்கடி சொல்லிவிடுவதால் எங்களுக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை. மார்த்தாண்டத்துப் பெண் மெர்லின் முதன்முதலாக ஒரு திருத்தம் அனுப்பியபோது, எல்லாரும் பார்க்கும்படி அவர் எழுதினார்.

"உனக்கெல்லாம் யாரு கதவத் தொறந்துவிட்டது? போய் சமையல் வீடியோ போடு."

அக்கா அதை உடனே நீக்கினாள். நீக்கி என்ன? அதற்குள் மின்னஞ்சலாக அது எல்லார் பெட்டிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நிதானமாக இரண்டு முறை படித்தோம்.

மெர்லின் காணாமல் போனாள்.

எச்சரிக்கை. மறுபடி எச்சரிக்கை. பிறகு குருநாதனுக்குத் தடை.

அன்று அக்காவுக்குக் கைதட்டிய அதே ஆட்கள் மறுவாரமே தனித்தனியாக வந்து, அவர் இல்லாமல் பிழைகள் தேங்கிக் கிடக்கின்றனவே என்று முனகினார்கள். எல்லாருக்கும் அவள் 'நன்றி' என்று பதில் போட்டாள். எதற்கு நன்றி என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பிறகு மெர்லின் திரும்பி வந்தாள். அவள் பின்னாலேயே எளியவன் வந்தார்.

பெயரைப் பாருங்கள்.

எளியவன் யாரையும் திட்டுவதில்லை. மெர்லின் அனுப்பியதை வரிவரியாகப் படித்தார். இந்த இடத்தை இப்படி மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். அவள் தப்பு செய்தால், ஆரம்பத்தில் தானும் இதே தப்பைச் செய்ததாகச் சொன்னார். குருநாதன் வாழ்நாளில் ஒரு தப்பும் செய்யாதவர். எளியவனுக்குத்தான் எத்தனை தப்புகள்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒருவரும் வெளியே சொல்லவில்லை. பிழைகள் குறைந்துகொண்டிருந்தனவே.

மெர்லின் அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அவர் போட்ட ஸ்கிரீன்ஷாட் ஒன்றையும் அக்கா அதுவரை திறந்ததில்லை. திறந்தால் தெரிந்துவிடும் என்று தெரிந்துதான்.

அன்று காலையில் அவள் குழுவுக்கு எழுதியிருந்தாள். இனிமேல் தன்னால் முடியவில்லை, யாராவது இந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்று. முதல் ஆளாக மெர்லின் ஒரு பெயரை முன்மொழிந்தாள். இவ்வளவு பொறுமைசாலி இங்கே வேறு யாரும் இல்லையாம்.

எளியவன்.

கீழே வரிசையாக இதயங்கள். ஒன்று நான் போட்டது. வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

அதற்குப் பிறகுதான் அக்கா அந்தப் படத்தைத் திறந்தாள்.

தடை செய்யப்பட்டவர் வேறு பெயரில் வந்தால் இரண்டு பெயருக்கும் நிரந்தரத் தடை. விதியை எழுதியதும் அவளேதான்.

தடைப் பொத்தானை அழுத்தினால் மெர்லினுக்கு அண்ணா இல்லாமல் போவார். அழுத்தாவிட்டால், தன்னைத் துரத்தியவரை மெர்லின் தன் கையாலேயே நாற்காலியில் உட்கார வைப்பாள். ஆள் யாரென்று தெரியாமலே.

அக்கா அவளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். இது மெர்லின் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டால் சொல்வாள். கேட்டேன்.

"மெர்லின், எளியவன் வேற யாரும் இல்ல, குருநாதன்தான். என்ன செய்யணும்னு நீயே சொல்லு. நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன்ம்மா."



ஆட்கள் இருக்கைகளுக்குத் திரும்பினார்கள். யாரோ ஏதோ கோப்பு கேட்டார்கள். அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

மாலைத் தேநீர் வந்தபோது குழுவில் மெர்லினின் முன்மொழிவு இல்லை. எங்கள் இதயங்களும் அதோடு போயிருந்தன.

அவளுடைய திருத்தத்தின் அடியில் மட்டும் புதிதாக ஒரு வரி.

"குருநாதன் சார், வேகமா தட்டினா கடைசி எழுத்து இன்னும் விழ மாட்டேங்குது. நேரம் இருக்கும்போது பாத்துச் சொல்லுங்க."

பொதுவில். எல்லாரும் பார்க்க.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எளியவன் தட்டிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. அவ்வளவு நேரம் தட்டிய மனிதர் கடைசியில் அனுப்பியது இரண்டே சொல்.

"பாக்கறேன் மேடம்."

அந்த உரையாடலைத் தான் கவனிக்கவே இல்லை என்றுதான் அக்கா இன்றுவரை சொல்கிறாள்.

அப்போது அவள் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது.