முகம்: டியூமிட்

“இவருதாங்க எங்க வூட்டுக்காரரு.”

துணியை முழுதாக விலக்கும் முன்பே மாதம்மாள் சொல்லிவிட்டாள்.

பிணக்கிடங்குக் குமாஸ்தா சவுரியப்பனுக்குச் சுருக்கென்றது. தொப்பூர்ப் பக்கத்து ஏரியில் நான்கு நாள் ஊறிய உடம்பு. டாக்டரே ‘முகம் டியூமிட், அடையாளம் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தார்.

“டியூமிட்னா என்னங்க?” என்று கான்ஸ்டபிள் மாதப்பன் கேட்டுத் தொலைத்தார்.

லத்தீனில் வீங்குவதற்கு ‘டியூமெரே’ என்று தொடங்கினார் சவுரியப்பன். உடம்பில் எழும் கட்டி ட்யூமர், ஊரில் எழும் கலவரம் ட்யூமல்ட், செத்தவர்மேல் எழும் மண்மேடு ட்யூமுலஸ். எல்லாம் ஒரே குடும்பமாம். உப்பிப்போன பேச்சையும் டியூமிட் எனலாம் என்று அவர் சேர்த்தபோது, கான்ஸ்டபிள் மரியாதையாகத் தலையாட்டினார்.

“வீங்கிட்டா ஒல்லி ஆளும் குண்டு ஆளும் ஒண்ணு. பெத்தவளுக்கே தெரியாது. நீ எப்பிடிம்மா கண்டுபுடிச்ச?”

சவுரியப்பன் கேட்க, அவள் துணியைத் திரும்பப் பிணத்தின் முகத்தின்மேல் இழுத்துவிட்டாள்.

அவள் ஊரான வத்தல்மலைக்கு ரோடு கிடையாது. தோளில் தூக்கிப்போக மூங்கிலும் கயிறுமாக நாலு பேர் வாசலில் நின்றார்கள். பிணம் கரை ஏறியதே காலையில்தான். அதற்குள் இவ்வளவு ஏற்பாடா?

இறந்தவர் பெயரைக் கேட்டார். புருஷன் பேரை அவள் எப்படிச் சொல்வாள்? வாசலில் நின்றவர்களில் ஒருவர் சொன்னார்: “தீர்த்தனுங்க.”

எப்போதோ எழுதிய பெயர். சவுரியப்பன் பழைய பதிவேடுகளை இறக்கினார்.

1981. தீர்த்தன், வத்தல்மலை. நீரில் மூழ்கி இறப்பு. முகம் டியூமிட்.

1983. தீர்த்தன், வத்தல்மலை. நீரில் மூழ்கி இறப்பு. முகம் டியூமிட்.

இரண்டிலும் உடலை வாங்கியவர் இடத்தில், குறுக்கே தழும்பு ஓடிய ஒரே கட்டைவிரல் ரேகை. மாதம்மாளின் விரலைப் பார்த்தார். அதே தழும்பு.

கான்ஸ்டபிளை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உம் புருஷன் எத்தனை தடவைம்மா சாவான்?”

அவள் பிணத்தின் காலைத் துணியால் மூடினாள்.

“இவரு யாருன்னு தெரியாதுங்க. பொழுது சாயறவரைக்கும் யாரும் வரலைன்னா நீங்க பொதுக்குழியில போட்டுருவீங்க. நாங்க குளிப்பாட்டி, கோடித்துணி போத்தி, பேரு சொல்லி அழுவோமுங்க.”

“முன்னாடி ரெண்டு பேரு?”

“அவங்களையும் தெரியாதுங்க.”

பொய்க் கைநாட்டு வாங்கினால் வேலை போய்விடும். சவுரியப்பன் ஜன்னலைப் பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

“நெஜத் தீர்த்தன் எங்கம்மா?”

“ஒகேனக்கல்ல பரிசல் கவுந்துச்சுங்க. உடம்பு கெடைக்கலீங்க.” அவள் விரலை மையில் அழுத்தினாள். “தண்ணி போற வழியில எந்த ஊர்லயாச்சும் ஒதுங்கியிருப்பாரு. அங்க எவளோ ஒருத்தி, தன் புருஷன்னு சொல்லி வாங்கிட்டுப் போயிருப்பாளுங்க.”