முதல் அவுட்

ஞாயிறு மதியம் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே போனில் ‘திருடன் யார்’ விளையாடுவார்கள். ஓட்டுப் போட்டு வெளியேற்றப்பட்டவரிடம் ஆட்டம் முடியும்வரை யாரும் பேசக் கூடாது.

இரும்புலியூர் வீட்டிலிருந்து இன்றும் செல்லம்மாதான் முதலில் குரல் கொடுத்தாள்.

“என் மருமக சத்யாதான் திருடன். அவ முழியே சரியில்ல. தூக்குங்க!”

ஓட்டு விழுந்தது. சத்யபிரியா எழுந்து அறைக்குள் போனாள்.

மைக்கை அணைத்துவிட்டு மகன் அன்பு கத்தினான். “வாராவாரம் அவளையே தொரத்துறியேம்மா, நியாயமா? இனிமே மொத ரவுண்டுல யாரையும் தூக்கக் கூடாதுன்னு ரூல் போடறேன்.”

சமாதானம் சொல்ல மனைவியிடம் போனான். படுத்திருந்தவள் பதறினாள்.

“அய்யோ, அந்த ரூல் வேணாங்க! வாரம் பூரா நைட் ஷிஃப்ட். வெளையாட வரலன்னா உங்க சொந்தக்காரங்க திமிருன்னுவாங்க. அவுட்டானாதான் ஒருத்தரும் கூப்பிடாம தூங்க முடியுது. உங்கம்மாவுக்குக் கோயிலே கட்டலாம்.”

“அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் ஸ்க்ரீனை இழுத்துவிட்டு, எனக்குத் தலகாணி எடுத்துப் போட்டது யாருன்னு நெனச்சீங்க?”

கூடத்திலிருந்து செல்லம்மாவின் அதட்டல் கேட்டது.

“டேய் அன்பு! அவுட்டானவகிட்ட இன்னாடா பேச்சு? வெளிய வா!”