குரல் இல்லாத முதல் கேசட்

"என்ற குரலை அழிச்சுப்போடுங்க உவைஸ். கேசட்டுல பாடற பொண்ணு வேண்டாம்னு பல்லடத்து மாப்பிள்ளை ஊட்டுல சொல்லிப்போட்டாங்க" என்று ஹரிதா கத்துகிறாள்.

"நாளைக்கு நம்ம பேண்டோட முதல் கேசட் வெளிய வருதுங்க. குரலில்லாம எதை விக்கறது?" உவைஸும் விடுவதாக இல்லை. கோவை கோட்டைமேட்டில் அவர்கள் பாட்டுப் பதியும் அறைக்கு வெளியே, மாடிப்படியில் நான் நிற்கிறேன், என் காது சும்மா இருக்குமா? ஜன்னல் வெயில் கீபோர்டின் மேல் கோடு கோடாக விழுகிறது. கண்ணைத் துடைத்துவிட்டு அவளே அழிக்கும் பொத்தானை அழுத்துகிறாள். அவள் பாடிய இடங்களில் இப்போது எந்திரத் தாளம் மட்டும் ஓடுகிறது. ஹெட்போனைக் கழற்றாத உவைஸின் உதடுகள் அவள் வரிகளை முணுமுணுக்கின்றன.

பிறகு அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் பாதிப்பேர் கீபோர்டு வாங்கினார்கள். நடுவில் கையெடுத்துத் தாளத்தை மட்டும் ஓடவிடுவதுதான் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். ஹரிதாவின் கல்யாண வரவேற்பிலும் அப்படியே வாசித்தார்கள். அவள் பல்லடம் போன மாதமே உவைஸ் சார்ஜாவுக்குப் போய்விட்டான்.