பாகாவின் பத்தியம்

கல்கத்தாவில் என் மூன்றாம் மாடி அறைக்கு நிருபம் பாக்சி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஒரு கையில் ரசகுல்லாச் சட்டி, மறு கையில் நாய் பாகா. கூடவே வந்த மனைவி ஷர்மிஷ்டா, கிழிந்து ஒட்டுப்போட்ட ஒரு ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார்.

"பாகா கடிச்சுக் கிழிச்சிட்டான், டாக்டர்பாபு."

படித்தேன். "இதயம் வீங்கியிருக்கு. இப்படியே போனா துர்கா பூஜை வரைக்கும் தாங்காது."

பாக்சிக்குக் கண் கலங்கியது. "ஊசி மருந்து வேணாம். இயற்கை வைத்தியமா ஏதாவது சொல்லுங்க."

"இனிப்பு, பூரி கூடாது. அவிச்ச பப்பாளிக்காய், உப்பில்லாத மீன் குழம்பு. விடிஞ்சதும் ஏரியை நாலு சுத்து நடக்கணும்."

"நடக்க வெச்சிடறேன்."

"நீங்களும் கூடவே நடக்கணும். அவன் சாப்பாட்டை அவனுக்கு முன்னாடி நீங்க சாப்பிடணும். தலைவன் தொடாததை நாய் தொடாது. நீங்க ஒளிஞ்சு ஒரு ரசகுல்லா தின்னாலும் மோப்பம் பிடிச்சிடுவான். வைத்தியம் பலிக்காது."

பாக்சி சட்டியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். சட்டியை என் மேஜைமேல் வைத்தார். "எம் புள்ளைக்காக!"

பூஜைக்கு முந்தின வாரம், இடுப்பில் நிற்காத வேட்டியோடு, பாகாவைத் தூக்கிக்கொண்டே மூன்று மாடியும் ஏறி வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன்.

"துடிப்பு பிரமாதம். உயிருக்கு ஆபத்தில்ல."

பாக்சி விழித்தார். "அதை ஏன் டாக்டர்பாபு என் நெஞ்சுல வெச்சீங்க?"

"நாய்னா எனக்குப் பயம்," என்று உண்மையைச் சொன்னேன்.

நாற்பது வருஷமாக நான் பார்ப்பது மனிதர்களின் இதயத்தை மட்டும்தான். பாக்சி படிக்காமலே கிழித்தெறிந்த தன் ரிப்போர்ட்டைத்தான் ஷர்மிஷ்டா பொறுக்கி ஒட்டி, என்னோடு முன்பே பேசிவைத்து, நாய் டாக்டர் என்று சொல்லி அவரை அழைத்து வந்திருந்தார். பாகா பாவம், காகிதத்தைக் கடிக்கிற நாயே இல்லை.