தகட்டின் வால்

நெஞ்சைத் திறந்து தைத்த பிறகு பெரிய மீனோடு மல்லுக்கட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சற்குணம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏரிக்குப் போயே தீருவேன் என்று ஒரே பிடியாக நின்றார். சரி, ஆனால் தூண்டிலை நான்தான் இறக்குவேன் என்றாள் மனைவி புனிதவதி. அன்றிலிருந்து அவள்தான் படகின் இரு பக்கமும் தூண்டில் தடிகளைச் செருகுவாள். தங்கூசி நூலின் நுனியில் மீன்குஞ்சு போல மினுங்கும் தகட்டைக் கட்டி, இரும்புக் குண்டோடு ஆழத்துக்கு விடுவாள். படகு நடைவேகத்தில் ஊரும். தடி நுனியைப் பார்த்திருப்பதுதான் அவருடைய வேலை. கோடை முழுக்க எத்தனையோ தடவை நுனி துள்ளியது. ஒரு சால்மன் மீன்கூட ஏறவில்லை. “இந்த வருசம் மீனுக்குச் சரியான குழப்படி” என்று ஏரியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கடல்போல் விரிந்த அந்த ஏரியில் இன்று எதிரே சரக்குக் கப்பல் ஒன்று வந்தது. நூலைச் சுருட்டாமல் படகை வெட்டித் திருப்பினால் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிவிடும். அவளால் சுக்கானை விட முடியவில்லை. அவரே சுருட்டினார்.

தகடு வந்தது. அதன் வாலில் இருக்க வேண்டிய தூண்டில் முள் இல்லை, வெறும் வளையம். மற்றத் தடியையும் சுருட்டினார். அதிலும் வளையம்தான்.

“இஞ்சேருங்கோ, ஏதும் பட்டுதோ?” அவள் திரும்பாமலே கேட்டாள்.

கப்பல் கடந்து போனது. அவர் இரண்டு தகட்டையும் அப்படியே மெல்லத் தண்ணீரில் விட்டார்.

“மீன் தட்டிப் பாத்திட்டு ஓடிட்டுது. படகை இன்னொரு சுற்று விடும். இந்தமுறை பிடிக்காமல் வரமாட்டன்.”